புகைக்குழாய்க்கு வெள்ளைப் பூச்சு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், இவள், சின்னவள் மூவரும் சுகம். என் இடுப்பு மட்டும் வழக்கம்போலத் தனிக்கட்சி. அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா? உன் இருமல் எப்படி? பட்டறையில் முகமூடி போட்டுக்கொள் என்றால் நீ கேட்கப்போவதில்லை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம்மில் ஒருவர் டொக்கென்று வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். என் விமானத்தின் புகைக்குழாயில் பழைய பூச்சு செதில் செதிலாக உரிகிறது. ஞாயிறு தவிர தினமும் காலையில் மலைமேல் இருக்கும் மூன்று ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோகிறேன், திரும்பும்போது ரத்தக் குப்பிகளை ஏற்றி வருகிறேன். ஒருநாள்கூட நிறுத்த முடியாத வேலை. என் மெக்கானிக் மீசை என்ன சொல்கிறான் தெரியுமா? "துணிப் பட்டைய இறுக்கிச் சுத்திட்டாப் போதும் சார், சூடு வெளிய எட்டிக்கூடப் பாக்காது." எனக்கென்னவோ பூச்சுதான் சரி என்று படுகிறது. நீ பதினெட்டு வருடமாக பைக் சைலன்சருக்கும் அடுப்புத் தட்டுக்கும் பூசுகிறாயே, சூடு தாங்குகிற மாதிரி ஒன்று சொல். வெள்ளையாக இருந்தால் நல்லது.

சின்னவள் உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன்.

தம்பி

ஜனவரி 15

தம்பிக்கு,

அத்தானுக்குச் சர்க்கரை குறையவில்லை, பிடிவாதமும் குறையவில்லை. என் இருமல் என்னோடுதான் இருக்கிறது. உன் இடுப்புக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கு என்று எத்தனை தடவை சொல்வது?

மீசையிடம் சொல், துணிப் பட்டையை அவன் தலையில் சுற்றிக்கொள்ளட்டும். துணி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே விரிசல் விட்டாலும் வெளியே தெரியாது. நீ மலைமேல் குளிருக்குப் போடுகிறாயே ஹீட்டர், அது எங்கிருந்து சூடு வாங்குகிறது என்று யோசித்தாயா? அந்தக் குழாயைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கிறது. குழாய் மேல் பட்டுச் சூடான காற்றுதான் உன் காலடிக்கு வருகிறது. குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் போதும், இன்ஜின் புகையும் கூடவே வரும். அதில் ஆளைக் கொல்கிற வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நீ பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே தூங்கிப் போவாய். எனக்கு இருப்பது ஒரே தம்பி.

"ஒரு பூச்சு சொல்" என்றால் எப்படிச் சொல்வது? நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? ஏழு கேள்வி கேட்கிறேன், ஏழுக்கும் பதில் வேண்டும். ஒன்று, குழாய் வெறும் இரும்பா, துருப்பிடிக்காத எஃகா? இரண்டு, எத்தனை டிகிரி சூடேறுகிறது? மூன்று, பழைய பூச்சை எதை வைத்துச் சுரண்டினாய்? நான்கு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சூடாகி ஆறுகிறது? ஐந்து, விமானம் மழையில் நிற்கிறதா? ஆறு, குழாய்க்குள் காற்று அடைத்து மேலே சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாயா? ஏழு, யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருக்கும் குழாய்க்கு வெள்ளை எதற்கு?

பதில் வந்த பிறகுதான் டப்பாவைத் திறப்பேன்.

அக்கா

பிப்ரவரி 19

தம்பிக்கு,

எல்லோரும் நலமா? இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை, உன்னால் எனக்கு வந்திருக்கும் ரத்தக்கொதிப்பைத் தவிர.

குழாய் லாரியில் வந்து சேர்ந்தது. உன் கல்யாணத்துக்கு நான் வாங்கித் தந்த போர்வையிலா சுற்றி அனுப்புவது? கூடவே ஒரு துண்டுச் சீட்டு. இது திரும்பி வரும்வரை இரவல் குழாயில் பறக்கிறாயாம். ஏழு கேள்விக்கு மூன்று பதில். எஃகு, ஆறு தடவை, கொட்டகைக்குள் நிற்கிறது. மற்ற நான்கையும் எலி தின்றுவிட்டதா? சின்ன வயதிலும் நீ பரீட்சையில் தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வருவாய்.

ஆறாவது கேள்விக்கு நானே பதில் தேடிக்கொண்டேன். காற்று அடைத்துத் தொட்டியில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. குழாய் நல்ல குழாய். மணல் அடித்துச் சுத்தம் செய்தேன், பளபளவென்று வந்தது. இனி எந்தப் பூச்சு என்பதுதான் பாக்கி. என் சூளையில் எழுநூறு டிகிரி வரை வைத்துப் பார்க்கலாம். ஆனால் சூளை ஆடாது, உன் இன்ஜின் நாள் முழுக்க உதறும். அதனால் குழாயின் நடுவில், உறைக்குள் போகிற இடத்தில், நான்கு பட்டையாக நான்கு பூச்சு போட்டிருக்கிறேன். முதலாவது அலுமினியத் தூள் கலந்த வெள்ளி பெயிண்ட். இரண்டாவது சைலன்சருக்குப் போடும் கறுப்பு. மூன்றாவது சாம்பல் நிற செராமிக். நான்காவது உன் ஆசைக்கு, வெள்ளை செராமிக். பட்டைகளுக்கு நடுவே வெறும் எஃகில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டிருக்கிறேன். பேனா மை சூட்டில் எரிந்துபோகும், பென்சில்தான் நிற்கும். என் காதில் செருகியிருக்கும் பென்சிலுக்கு இப்படி ஒரு மரியாதை.

இருபது மணி நேரம் பறந்துவிட்டு எது உரிந்தது, எது நின்றது என்று எழுது. அப்போதே குழாயைக் கழற்றி மறுபடியும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார். முதன்முதலாக ஒரு விமானம் என் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதுவும் உன் விமானம். மானத்தை வாங்கிவிடாதே.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் இருமலைப் பற்றி நீ எழுதவே இல்லை, அதனால் அது இருக்கிறது என்று புரிந்துகொண்டேன். எனக்குப் போன வாரத்திலிருந்து லேசான தலைவலி. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது.

இருபத்திரண்டு மணி நேரம் ஆயிற்று. உறையைக் கழற்றிப் பார்த்தேன். ஒன்று உரிந்து தொங்குகிறது. இரண்டு மஞ்சள் பூத்துப் பொடியாக உதிர்கிறது. மூன்று அசையவில்லை. நான்கும் அசையவில்லை, பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆகவே நான்கு. முடிந்தது கதை. முழுக் குழாய்க்கும் வெள்ளை பூசிக் கொடுத்துவிடு. எப்போது அனுப்பட்டும்?

மீசை உனக்கு வணக்கம் சொன்னான். "அக்கா பேச்சு சுள்ளுனு இருந்தாலும் பூச்சு நல்லா இருக்கு சார்" என்கிறான்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். தலைவலிக்கு என்னிடம் மருந்தில்லை. உனக்குக் கணக்குப் பரீட்சை அன்றைக்கெல்லாம் தலைவலி வரும், அது நினைவிருக்கிறது. போய்க் கண்ணாடியை மாற்று.

"முடிந்தது கதை"யாம்! நான்காவது ஓரத்தில் வெடித்திருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் பொடி வருகிறதா? மூன்றாவது மங்கிவிட்டதா, நிறம் அப்படியே இருக்கிறதா? இதையெல்லாம் சொல்லாமல் அழகாக இருக்கிறது என்றால் நான் என்ன செய்ய? பெண் பார்க்கவா போனாய்?

சோப்புத் தண்ணீர் ஊற்றினாயா? இதை மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கைப்பிடி சோப்புத் தூள், அரைமணி நேரம். அதற்குக்கூட உன்னைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. நீ பதில் எழுதாத ஒவ்வொரு கேள்வியும் எனக்குப் பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருக்கிறது. குழாயை அனுப்புமுன் பதிலை அனுப்பு.

அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நலம். இங்கே எல்லோரும் நலம். அத்தான் நலமா? இங்கே நலம்.

கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் இறங்கினேன். நீ கேட்டது ஞாபகமிருக்கிறது. இரண்டுதான் நன்றாக இருக்கிறது. இரண்டு வெள்ளையாக இருக்கிறது. அதையே பூசு. எத்தனை தடவை கேட்பாய்? நீ கேட்பதை நிறுத்தவே மாட்டாய். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். காலையில் ஸ்கூட்டரை எங்கே விட்டேன் என்று மீசையிடம் கேட்டேன். அவன் சிரித்தான். சாவி என் கையில்தான் இருந்தது, ஸ்கூட்டர் மேல்தான் சாய்ந்து நின்றேன்.

தலை வலிக்கிறது. அத்தான் நலமா?

தம்பி

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். அவர் எழுதிய கடிதத்தை உறையில் போடும்போது படித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். தேதியைப் பாருங்கள், இரண்டு மாதம் பின்னால் போய்விட்டார். அதனால்தான் இந்தத் தாளையும் கூடவே வைக்கிறேன்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்றார். "அக்கா கேட்டா கத்தும்" என்றார். அண்ணி, தினமும் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் சிவந்திருக்கிறது. தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார். போன செவ்வாய் சின்னவளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டார். கண்ணாடி மாற்றியாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, "அலைச்சல்தான், ரெஸ்ட் எடுங்க" என்று மாத்திரை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றுமே இல்லை. சின்னவளோடு பந்து விளையாடுகிறார். திங்கட்கிழமை மறுபடியும் ஆரம்பிக்கிறது.

வேலை பிடிக்கவில்லையோ என்னவோ, என்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். நீங்கள் கேட்டால் சொல்வார். உங்களுக்கு ஏதாவது மருந்து தெரியுமா?

உங்கள் தம்பி மனைவி

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்குப் போன் போட்டு அந்தக் கத்துக் கத்தியிருக்க முடியாது.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவள் விமானச் சாவியைத் துணிக் கூடைக்குள் ஒளித்துவிட்டாள். கேட்டால், "உங்க தலைவலி தலையில இல்லையாம், குழாயிலயாம். அண்ணி சொல்லிட்டாங்க. தர முடியாது" என்கிறாள். ஒரு மணி நேரம் சண்டை. ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருக்கிறார்கள் என்று நானும் கத்தினேன். சின்னவள் அழுதாள். கடைசியில் பக்கத்துக் கொட்டகைக்காரரைக் கெஞ்சி அவர் விமானத்தில் பெட்டிகளை அனுப்பினேன். என் மானம் போயிற்று. உனக்கு இப்போது திருப்திதானே என்று அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நல்லவேளை, மீசை ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றான்.

குமிழி வந்தது, அக்கா. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக வந்தது. மீசை வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு பறப்பதாக இருந்தேன். அவள் பிறந்தநாளுக்கு. இவளிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

நான்கு நாளாகத் தலைவலி இல்லை. குழாய் பழசு, போயிற்று. அவ்வளவுதான். இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய். இதைத் தவிர வேறு எதையும் விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை.

உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். சுகம் விசாரிக்கும் இடத்திலேயே எல்லாம் இருக்கிறது. அதை நான் படித்ததே இல்லை. சௌக்கியம், சௌக்கியம் என்று தாண்டிப் போய்விடுவேன். தலைவலி என்று எழுதியிருக்கிறாய், நான் கணக்குப் பரீட்சை என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம். பயந்துவிட்டேன்டா. போன் போடும்போது இரண்டு தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று.

ஆனால் ஒன்று புரியவில்லை. என் தொட்டியில் ஒரு குமிழிகூட வராத குழாய், இரண்டே மாதத்தில் எப்படி விரியும்? பழசு என்கிறாய். எஃகு அப்படியெல்லாம் பழசாகாது. விரிசல் எந்த இடத்தில் விழுந்தது? வெல்டிங் ஓரத்திலா, நடுவிலா? எந்தப் பட்டைக்குப் பக்கத்தில்? குழாயை எனக்கு அனுப்பு. என் பூச்சில் தப்பு இருந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்கா

மே 13

அக்காவுக்கு,

நலம். குழாயைத் தூக்கிப் போட்டாயிற்று. பூச்சில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு, சின்னவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 2

தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஒழுங்காகப் பதில் சொல், இனிமேல் முதலில் அதைத்தான் படிப்பேன்.

தூக்கிப் போட்ட குழாய் நேற்று நடந்து வந்தது. அதே கல்யாணப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் வந்த ஒரு நர்ஸம்மா கையில் உன் மனைவி கொடுத்தனுப்பியிருக்கிறாள். "அவர் சொல்ல மாட்டேங்கறார் அண்ணி, நீங்களே பாத்துக்குங்க" என்று ஒரே வரி. இந்தக் குடும்பத்தில் புத்தியுள்ளவள் அவள் ஒருத்திதான்.

பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது, நான்காவது பூச்சுகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது பட்டைக்குப் பக்கத்தில், என் கையால் போட்ட மூன்றின் வளைவிலேயே, விரிசல் அச்சடித்த மாதிரி ஓடுகிறது. விமானங்களைச் சோதிக்கும் ஆய்வாளர் கட்டிவிட்ட அட்டையும் குழாயிலேயே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டீர்கள். அதில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். "புகைக்குழாய் எஃகில் பென்சிலால் குறியிட்டதால், சூட்டில் கரி உலோகத்துக்குள் இறங்கி விரிசல் விட்டிருக்கிறது. குறியிட்டவர்: விமானி. அவரே ஒப்புக்கொண்டார். இரண்டு மாதம் பறக்கத் தடை."

அடப்பாவி.

பதினெட்டு வருடமாக இரும்பில் பென்சிலால் எழுதுகிறேன், ஒன்றும் ஆனதில்லை. சைலன்சர் வெடித்தால் சாலையில் சத்தம் வரும், அவ்வளவுதான். இந்தச் சூட்டில் இந்த எஃகில் எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைக் கேட்கவும் தோன்றவில்லை. உன்னை ஏழு கேள்வி கேட்டேன். என்னை ஒன்றாவது கேட்டுக்கொண்டேனா? உன்னையும் சின்னவளையும் நானே என் கையால்... பட்டறைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அத்தான் வந்து, "என்னாச்சு?" என்றார். "தூசி" என்றேன்.

உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது இப்படிப் பொய் சொல்ல? ஓய்வாம், சைக்கிளாம்! நான் ஆய்வாளருக்கு எழுதிவிட்டேன். எழுதியது நான், பென்சில் என்னுடையது, பட்டறை என்னுடையது, தம்பிக்கு இதில் சம்பந்தமில்லை என்று. என் பட்டறையின் பெயரை எந்தப் பட்டியலில் ஏற்ற வேண்டுமோ ஏற்றட்டும்.

ஏன்டா சொன்னாய்?

அக்கா

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முதலில் படிப்பது இதுதான் என்பதால் ஒழுங்காக எழுதுகிறேன். தலைவலி இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றார். இடுப்பு வலிக்கிறது, நாற்காலி வாங்கிவிட்டேன். இவளும் சின்னவளும் சுகம். உன் இருமலை டாக்டரிடம் காட்டினாயா? இது கேள்வி எண் எட்டு, பதில் வேண்டும்.

ஆய்வாளர் கூப்பிட்டார். மேஜையில் உன் கடிதம் இருந்தது. "அக்காவும் தம்பியும் சேர்ந்து என் உயிர எடுக்கறீங்க. ஒரு பென்சிலுக்கு ரெண்டு குற்றவாளிய நான் எங்க எழுத?" என்றார். தடை அப்படியே நிற்கிறது. குழாயைச் சோதிக்காமல் பறந்ததற்கு அது எனக்குச் சேர வேண்டியதுதானாம். நியாயம்தான். உன் பட்டறைக்கு அவர் ஒரு புத்தகம் அனுப்புகிறாராம். எதில் எதை வைத்துக் குறியிடலாம் என்று முழுக்க அதுதான். பரீட்சை வைத்தாலும் வைப்பார்.

உன் பழைய பாக்கிகளைத் தீர்க்கிறேன். இரண்டு, அறுநூற்றைம்பது டிகிரி, மீசை அளந்தான். மூன்று, இரும்பு பிரஷ் வைத்துச் சுரண்டினேன், திட்டிக்கொள். ஆறு, இனி மாதம் ஒரு தடவை. மீசை காற்று அடிப்பான், இவள் சோப்புத் தண்ணீர் ஊற்றுவாள், சின்னவள் குமிழி வருகிறதா என்று பார்ப்பாள். சாவி சின்னவளிடம்தான் இருக்கும்.

ஏழாவது, வெள்ளை எதற்கு என்று கேட்டாய். எழுத வெட்கமாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன். எங்கள் கொட்டகையில் பதினோரு விமானம் நிற்கிறது. எல்லாவற்றின் குழாயும் கறுப்பு, இல்லாவிட்டால் துரு. ஒன்று மட்டும் வெள்ளையாக இருந்தால், இன்ஜின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எவனாவது எட்டிப் பார்த்து, "யாருப்பா பூசினது?" என்று கேட்பான். "எங்க அக்கா" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான்.

ஆய்வாளர் வந்து மூடியைத் திறந்து, "யாருப்பா எழுதினது?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு உன்னைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புதுக் குழாய் வந்துவிட்டது. திங்கட்கிழமை லாரியில் ஏற்றுகிறேன், வேறு போர்வையில். முழுக்க வெள்ளை பூசு. எண் எதுவும் போடாதே.

தம்பி